நைவேத்தியக் கரடி

ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போயிருந்த கல்யாணராமன் குழந்தைகளுக்கு வாங்கி வந்தது ஒரு ஜெல்லி மிட்டாய் மெஷின். பிள்ளைகள் தொல்லை தாங்காமல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைப் பிரித்தாள் சீதாலக்ஷ்மி.

பிரித்ததும் முதல் வேலையாக, கூட வந்த பொடிப் பாக்கெட்டைத் திருப்பி, முட்டை இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். இல்லை. கரமனை அக்ரஹாரத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்குக் கேக்கோ பிஸ்கெட்டோ மிட்டாயோ, முட்டை ஒன்றுதான் பயம். அது இல்லையென்றால் மற்றதெல்லாம் சைவம் என்பது அவள் கணக்கு.

பொடியைத் தண்ணீரில் கரைத்து, மெஷினில் இருக்கும் குட்டிச் சட்டியில் ஊற்றி ஸ்விட்சைப் போட்டால் சூடேறும். அதைக் கரடி அச்சில் விட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மிட்டாய். அவ்வளவுதான் வித்தை. அதற்கே பத்து வயது மீராவும் ஆறு வயது சுமந்தும் கூடத்தை ரெண்டாக்கிக்கொண்டிருந்தார்கள்.

மூக்கில் வேர்த்த மாதிரி அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் ஜெஸ்லின். மீராவின் வகுப்புத் தோழி. தெருமுனையில் கடைக்கு மேல் மாடியில் குடியிருப்பு, சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். அம்மா பொன்செல்வி ஆர்டர் எடுத்துக் கேக் செய்து கொடுப்பவள்.

நல்ல பெண்தான், படிப்பிலும் கெட்டி. இருந்தாலும் அவள் வந்தாலே சீதாலக்ஷ்மிக்கு உள்ளுக்குள் ஒரு முள். ஏன் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், காலம் அப்படி. அவளைக் கூடத்தோடு நிறுத்திவிடுவாள். தண்ணீர் கேட்டால் தனி டம்ளர். அந்தக் குழந்தையும் அதைத் தெரிந்துகொண்டு ஒரு நாளும் சமையலறைப் பக்கம் போனதில்லை.

ஃப்ரிட்ஜிலிருந்து தட்டு வந்தது. சிவப்பும் பச்சையுமாகக் கரடிகள். சுமந்த் நீட்டிய கையில் ஓர் அடி போட்டாள் சீதாலக்ஷ்மி. வீட்டில் புதுசாக எது செய்தாலும் பகவானுக்குக் காட்டாமல் வாயில் போடக் கூடாது, அதிலும் வெள்ளிக்கிழமை.

"மாமி, இதையா சாமிக்கு வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள் ஜெஸ்லின்.

"ஏன், வெச்சா என்னவாம்?"

ஜெஸ்லின் பொடிப் பாக்கெட்டையும் மீராவையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரிய ஞானி, கேட்க வந்துவிட்டாள் என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டை மேஜையில் வைத்துவிட்டு விளக்கேற்றப் போனாள் சீதாலக்ஷ்மி. பின்னால் பெண்கள் இரண்டு பேரும் குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டார்கள்.

திரும்பி வந்து தட்டை எடுத்துக்கொண்டு பூஜை அறை வாசலுக்குப் போயிருப்பாள். ஜெஸ்லின் ஓடி வந்து தட்டின் அடியில் கையைக் கொடுத்து ஒரே தள்ளு. கரடிகள் தரையெங்கும் சிதறின. சுமந்த் ஒன்றைப் பொறுக்கப் போனான். அதையும் காலால் மிதித்தாள் அந்தப் பெண்.

சீதாலக்ஷ்மிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாய்க்கு வந்தபடி பேசினாள். பொறாமை என்றாள். சாமிக்கு எடுத்து வைத்ததை மிதிக்கிற திமிர் எங்கிருந்து வந்தது என்றாள். வளர்ப்பு அப்படி என்றாள். இத்தனை நாள் மென்று விழுங்கி வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

"உங்களையெல்லாம் ஆத்துக்குள்ள சேர்த்ததே என் தப்பு. இனிமே இந்தப் படி ஏறக் கூடாது, கேட்டியா?"

ஜெஸ்லின் அழவில்லை. "சரி மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள்.

அழுதது மீராதான். அவளைத் திட்டாதே, எல்லாம் நமக்காகத்தான் பண்ணினாள் என்று விக்கி விக்கிச் சொன்னாள். சீதாலக்ஷ்மிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னடி உளறுகிறாய் என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அந்தப் பொடி மாட்டெலும்புலேர்ந்து எடுக்கறதாம். அவ அம்மாகூட கேக்குக்குப் போடுவாளாம், நம்ம தெருவுக்குப் பண்றச்சே மட்டும் கடல்பாசி போடுவாளாம். உனக்குத் தெரிஞ்சா சாப்பிடாம கிடப்பே, அப்பாவையும் உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன்னு நான்தான் பயந்தேன். 'நான் தட்டி விட்டுடறேன், மாமி என்னைத்தானே திட்டுவா'ன்னா."

பாக்கெட்டை எடுத்துப் பார்த்தாள் சீதாலக்ஷ்மி. முட்டையைத் தேடின அவசரத்தில் தாண்டிப் போன வரியில், பொடி எழுத்தில் 'பீஃப் ஜெலட்டின்' என்று இருந்தது.

எந்த விளக்குக்கு முன்னால் எதைக் கொண்டுபோய் வைக்க இருந்தாள். அதைத் தடுத்த குழந்தையை என்னவெல்லாம் சொல்லிவிட்டாள். இந்த நிமிஷமே கூப்பிட்டுக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. வாசலுக்கு ஓடினாள்.

ஜெஸ்லின் இன்னும் படியில்தான் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் தெருவில் அவள் மட்டும் இல்லை. இங்கே போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு வாசலில் நாலைந்து மாமிகள் கூடிவிட்டிருந்தார்கள்.

"என்ன சீதா, விளக்கு வைக்கற நேரத்துல அப்படியொரு கூச்சல்?" என்றாள் ஒருத்தி.

ஜெஸ்லின் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் ஓடி வந்த மீராவும் அம்மா முகத்தையே பார்த்தாள்.

உள்ளதைச் சொன்னால் மாட்டெலும்பைச் சொல்ல வேண்டும். மெஷின் சட்டி, ஃப்ரிட்ஜ், பூஜை அறை வாசல் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். விடிவதற்குள் கரமனை முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் இந்த வீட்டில் யார் வந்து ஒரு வாய் காபி குடிப்பார்கள்?

"ஒண்ணுமில்லை மாமி," என்றாள் சீதாலக்ஷ்மி. "பகவானுக்கு எடுத்து வெச்சதை இந்தப் பொண்ணு வேணும்னே தட்டி விட்டுட்டா."