நடுக்கடல் தண்ணீர்

ஒரு மாதம் வெறும் பாறையும் மணலுமாகக் கிடந்த கடல்நீர்த் தொட்டியில் ஜெனிபா முதன்முதலாக விட்ட கோமாளி மீன் அது. அவள் இரண்டு வாரம் வெளியூர் போய்த் திரும்பியபோது மீன் அடியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உப்பு அளவு எகிறியிருந்தது.

“தண்ணி குறையக் குறைய ஊத்துனேன். நடுக்கடல்ல மொண்டதாக்கும்,” என்றான் மீன்பிடிக்கப் போகும் அண்ணன் சேவியர்.

“ஆவியாப் போறது தண்ணி மட்டும்தாண்ணே. உப்பு உள்ளதான் கிடக்கும். நல்ல தண்ணிதான் ஊத்தணும்.”

“கடல் மீனுக்கே உப்பு கூடிப்போச்சாக்கும்! சரி, குடத்தோட ஊத்திருவோம்.”

“ஒரேயடியா ஊத்துனா செத்துரும்.”

நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்படி மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டாள். மீனின் செவுள் விரிந்து மூடியது. சேவியரின் கை குடத்துக்குப் போனது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, செவுள் மறுபடி விரியக் காத்திருந்தாள்.