உறை கழற்றாத இயந்திரம்

பட்டறைக்காரர் துரைக்கண்ணு புதுக் கடைசல் இயந்திரம் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. கீறல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில், அதன் பிளாஸ்டிக் உறையை அவர் கழற்றவே இல்லை. தினமும் அதற்கு ஊதுபத்தி காட்டிவிட்டு, பழைய லேத்திலேயே வேலை பார்த்தார்.

உறைக்குள்ளிருந்து பார்த்தால் பட்டறை பனியில் மிதந்தது. மனிதர்கள் மேகம்போல் நகர்ந்தார்கள்.

"அண்ணே, என்ன பண்றே?" என்று புது இயந்திரம் பழைய லேத்தைக் கேட்டது.

"பம்புக்குப் புஷ் வளையம் கடையறேன், தம்பி. வெள்ளிக்கிழமைக்குள்ள ஐந்நூறு வேணுமாம். இல்லேன்னா வேற பட்டறைக்குப் போயிடுவாங்களாம். ஒரு நாளைக்கு நாற்பதுக்கு மேல என்னால முடியாது."

"நான் கனவுல ஐயாயிரம் கடைஞ்சிருக்கேன், அண்ணே."

லேத் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகக் கடைந்தது. சூடான இரும்புச் சுருள் ஒன்று தெறித்துப்போய் உறையில் ஓட்டை போட்டது.

துரைக்கண்ணு தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு, "இனிமே மூடி வச்சு என்ன?" என்று உறையைப் பிய்த்தெறிந்துவிட்டு, சுவிட்சைப் போட்டார்.

வெள்ளிக்கிழமை ஐந்நூறும் தயார். வாங்க வந்தவர், அடுத்த மாதத்துக்கு ஆயிரம் கேட்டுவிட்டுப் போனார். புது இயந்திரத்தின் மேலெல்லாம் எண்ணெய்க் கறை. அதன் கதவில் நீளமாய் ஒரு கீறல்.

"நான் பழசாயிட்டேனா, அண்ணே?"

"இல்ல தம்பி. இன்னிக்குத்தான் வந்திருக்கே."