சீலிங்கில் ஈரம்

இலங்கையில் யுத்தம் முடிந்த வருடம் அது. கனடாவில், அஜின்கோர்ட்டில் இருந்த தன் வீட்டை எப்படியும் விற்றுவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தாள் றீற்றா. வாங்க வந்த அழகேசன், வீட்டைச் சோதித்துப் பார்க்கக் கூட்டிவந்த இன்ஸ்பெக்டர், மேலும் கீழும் சுற்றிவிட்டுக் சமையல் நடக்கும் குசினியின் சீலிங்கைக் காட்டினார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள போற குழாயெல்லாம் உக்கிப்போச்சு. உந்த வீடு வேண்டாம், தம்பி."

அழகேசனின் முகம் வாடியது. "சாரி மேடம், தெரிஞ்சே எப்படி வாங்குறது?"

"காலமை ஒரு சொட்டும் இல்லையே!" என்றாள் றீற்றா.

"விக்கிற எல்லாரும் உதைத்தான் சொல்லுவினம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

றீற்றா விறுவிறென்று மாடிக்கு ஓடினாள். இறங்கி வந்தபோது கால்கள் நனைந்திருந்தன, முகத்தில் சிரிப்பு.

"அண்ணை, தண்ணி வருதோ எண்டு பாக்க நீங்கள் திறந்த பைப்பைப் பூட்ட மறந்திட்டியள். குளிக்கிற தொட்டி நிரம்பி வழியுது!"

அழகேசன் இன்ஸ்பெக்டரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"இவ்வளவு வேகமா தண்ணி வர்ற வீட்டை விடுவேனா? எனக்கே குடுங்க மேடம். சீலிங்கை இவர் சரி பண்ணித் தருவார்!"

றீற்றா உடனே கணவனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"இஞ்சருங்கோ, வீடு வித்தாச்சு! ஸ்ரௌவ்வில் ஊரில பெரிய வீட்டை வாங்குவம். அகதி முகாமால வெளியில வந்த என்ர தம்பி குடும்பத்தை இஞ்ச கூப்பிட்டு, எல்லாரும் ஒண்டா இருக்கலாம்!"