திக்காத குரல்

இருபத்திரண்டு வயது இன்னாசியின் திக்கலைப் போக்கி வேலையில் சேர்த்துக் காட்டுவதாகப் பயிற்சியாளர் பூங்கோதை சவால் விட்டிருந்தாள். ஆறு மாதம் மூச்சுப் பயிற்சி கொடுத்தாள். அவளே கூட்டிப்போன நேர்காணலில் அவன் மடை திறந்தாற்போல் பேச, தன் கைராசியைத் தானே மெச்சிக்கொண்டாள்.

“சரிப்படாது மேடம்,” என்றார் புகார் மையத்தின் மேலாளர். “இவ்வளவு சுத்தமாப் பேசினா மெஷின்னு நெனச்சு ஜனங்க போனை வெச்சிடுறாங்க. மனுசங்க பேசணும்னுதானே ஆளே எடுக்கிறோம்.”

இன்னாசிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஆ... ஆறு மாசம் எ... எதுக்கு மேடம் என் உ... உயிரை வாங்கினீங்க?”

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க தம்பி.”

அந்த மாத அறிக்கையில் ‘பயிற்சிக்குக் கிடைத்த வெற்றி’ என்று பூங்கோதை கூசாமல் எழுதினாள். கைதான் கொஞ்சம் திக்கியது.