தேய்த்த பக்கம்

கண்ணாடிபோல் இருந்த பிளாஸ்டிக் தகட்டில் தண்ணீர் விட்டு, உப்புத்தாளால் வட்டவட்டமாக ஒரே அழுத்தத்தில் தேய்த்து, ஒரு கீறல்கூடத் தனித்துத் தெரியாமல் பனிமூட்டமாக்கியவள் அமலோற்பவம். "உள்ள யாரு இருக்கான்னே தெரியக்கூடாதாம்" என்று பட்டறை முதலாளி சொன்னபோது, எந்த ஆபீசுக்கு என்று அவள் கேட்கவில்லை.

இப்போது தாலுகா ஆபீசில், அதிகாரியின் அறைக்குத் தடுப்பாக நின்ற அதே தகட்டின் முன்னால்தான் நிற்கிறாள். தேய்த்த பக்கம் அவளைப் பார்த்திருந்தது. உயிரோடிருக்கும் மகளின் பெயரை ரேஷன் கார்டிலிருந்து அடித்துவிட்டார்கள். நடையாய் நடந்து இது ஐந்தாவது முறை.

"ஐயா வெளிய போயிருக்காரும்மா, நாளைக்கு வா" என்றான் பியூன்.

உள்ளே முறுக்கு நொறுங்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. என் கையால் தேய்த்ததை வைத்து என்னிடமே ஒளிவதா? ஈரம் பட்டால் தேய்த்த தகடு தெளிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன! கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தகட்டில் அழுத்தித் தேய்த்தாள். காசளவு தெளிந்த இடத்தில், ஒரு வாய் மெல்லுவதை நிறுத்தியது.

"வெளிய போன எடத்துல முறுக்கு நல்லாருக்கா சார்?"

ஈரம் காய்ந்து தகடு மறுபடி வெளுத்தது. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் தன் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனார்.