குரல் வந்து சேரும் நேரம்

அவர் மேசை விசிறியைக் கழற்றி, பாகங்களைப் பழைய துணியின் மேல் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு, அதற்கு எண்ணெய் போட்டு எவ்வளவு காலமாயிற்று என்று மனைவியிடம் கேட்டார்.

தையல் இயந்திரத்தில் குனிந்திருந்தவள் ஊசியைத் துணியிலேயே நிறுத்தினாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

கேட்டதே தப்பு போலிருக்கிறது என்று அவர் விசிறி பக்கம் திரும்பிய பிறகுதான் பதில் வந்தது.

"நீங்க போனதுல இருந்து போடலைங்க."

வெளிநாட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த நாள் முதல் இதே கதைதான். குடையை எங்கே மாட்டுவது என்று கேட்டாலும் சரி, குழம்பில் உப்பு போட்டாயா என்று கேட்டாலும் சரி, முதலில் அவள் முகத்தில் ஒரு மௌனம் வந்து உட்காரும். அது எழுந்து போன பிறகுதான் பேச்சு.

மகளோடு பேசும்போது அப்படி இல்லை. அம்மாவும் மகளும் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு, பாதிப் பாதியாகப் பேசி, முழுதாகச் சிரிப்பார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மகள் செருப்பை மாட்டியபடியே வாரிவிட்டுப் போனாள்.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் பேசுறீங்களா, செஸ் ஆடுறீங்களா?"

அவரும் சிரித்துவைத்தார். ஆனால் அது உள்ளே போய்த் தைத்துவிட்டது.

விசிறியில் கோளாறு ஒன்றுமில்லை. தண்டு சுழலும் இடத்தில் எண்ணெய் காய்ந்து பிசின் போல் இறுகியிருந்தது. இதைத்தான் மோட்டார் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். துடைத்து, ஒரு சொட்டு விட்டு, விரலால் நாலு தரம் சுற்றிக் கொடுத்தால் போதும். அவர் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மதிய வெளிச்சம் திரைச்சீலை வழியாகக் கசிந்து அறையில் தண்ணீர் போல் தேங்கி நின்றது. நூல் பிசிறுகள் அதில் எங்கும் இறங்காமல் மிதந்தன. அவருக்குத் தாமும் தரையில் கால் படாமல் மிதப்பது போலத்தான் இருந்தது. காலையில் விழித்தால், இது எந்த ஊர்ச் சுவர் என்று கண் கொஞ்ச நேரம் தேடுகிறது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டை மோட்டார்தான் தூக்குகிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முழுக்க அப்படியில்லை. பெட்டிக்கு ஈடாக மறுமுனையில் ஒரு பாரம் தொங்குகிறது. இது ஏறினால் அது இறங்கும், அது ஏறினால் இது இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதால் மோட்டார் லேசாக இழுத்துக் கொடுத்தால் போதும்.

இந்த வீடும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அம்மா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். அவரைச் சேர்க்காமலே எடை சரியாக இருக்கிறது. அவர் துண்டைத் தொங்கவிடக்கூட ஓர் ஆணி இல்லை. அது நாற்காலி முதுகில் காய்கிறது, விருந்தாளி துண்டு மாதிரி.

வெளிநாட்டிலிருந்து பழைய மேற்பார்வையாளர் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். அடுக்குமாடி ஒன்று எழும்புகிறதாம், இடம் காலியாக இருக்கிறதாம், வருகிறாரா என்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

விசிறியைப் பூட்டி முடித்தார். திருப்புளியைக் கீழே வைத்தார்.

"நான் மறுபடியும் அங்கேயே போயிடட்டுமா?"

மிதியில் இருந்த அவள் கால் நின்றது. தையல் சக்கரத்துக்குக் கனம் அதிகம். கால் நின்றாலும் அது உடனே நிற்காது. தன் போக்கில் சுற்றி, தளர்ந்து, பிறகுதான் அடங்கியது.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் என்று சொல்வதற்கு யாரும் யோசிக்க மாட்டார்கள். யோசிக்கிறாள் என்றாலே விஷயம் புரிந்துவிட்டது. அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

"போகாதீங்க."

குரல் எங்கோ தொலைவிலிருந்து வந்து முதுகில் தொட்டது போலிருந்தது.

திரும்பினார். அவள் கை நெஞ்சின் மேல் இருந்தது. மூச்சு ஏறி இறங்குவதை அந்தக் கை பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வெளிநாடு போன புதிதில் அவர்களால் தொலைபேசியில் ஒழுங்காக ஒரு வாக்கியம் பேச முடிந்ததில்லை. இவர் பேசி முடிக்குமுன் அவள் குரல் வந்து மோதும். இருவரும் நிறுத்துவார்கள், இருவரும் மறுபடி ஒன்றாகத் தொடங்குவார்கள். கடைசியில் சண்டையில் போய் முடியும். அவர்தான் பொறுமையாக விளக்கினார். குரல் சமிக்ஞையாக மாறி, கோபுரம் ஏறி, கடலுக்கடியில் கம்பி வழியாக ஓடி, மறுகரையில் ஏறி மறுபடி குரலாக வேண்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கடலுக்கடியில் வந்தால் நனைந்துவிடாதா என்று அவள் கேலி செய்தாள்.

"நான் முடிச்சதும் ரெண்டு மூச்சு விட்டுட்டுப் பேசும்மா. மோதாது."

அதற்குப் பிறகு ஒருநாளும் மோதவில்லை. அவர் குரல் காதில் விழுந்தாலே அவள் மூச்சு தானாகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது.

நடுவே இருந்த கடல் போய்விட்டது என்று அந்த மூச்சுக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவர் அவளை முடிக்க விடவில்லை. அவரும் பேசினார். இருவர் குரலும் அறை நடுவில் முட்டிக்கொண்டன. யார் என்ன சொன்னார் என்று இருவருக்குமே கேட்கவில்லை.

இருவருமே நிறுத்தவில்லை.