பிரபல திருடன்

செய்தியின் முதல் சொல்லிலேயே அவளுடைய சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

பிரபல திருடன் கைது.

அடுத்த வரியில் அண்ணனின் பெயர். மாடக்கண்ணு (38).

அவளுக்குத் தெரிந்த செய்திதான். காலையிலேயே அம்மா போனில் சொல்லிவிட்டாள்.

“ஏளா, நம்ம பேரு போச்சே.”

மாலைப் பத்திரிகை. பன்னிரண்டு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டும்.

மூன்று வருடமாக இங்கே பிழை திருத்துகிறாள். இந்தச் சொல்லை எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறாள். இதே பக்கத்தில் பிரபல மருத்துவர் ஒருவர் காலமாகியிருந்தார். பிரபல ஜவுளிக்கடை ஒன்று புதுக் கிளை திறந்திருந்தது.

மேசைமேல் கிடந்த தடித்த அகராதியைப் புரட்டினாள்.

பிரபலம்: மிகுந்த பலம். வடசொல்.

புகழ் என்பது அதற்குக் கீழே, இரண்டாவது பொருளாக இருந்தது.

பலம்.

அண்ணன் ஒரு வருடமாகக் காசநோய் மாத்திரை விழுங்குகிறவன். திருடிய குத்துவிளக்கோடு காம்பவுண்டுச் சுவரில் ஏறியவன், இறங்கத் தெம்பில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான். போலீஸ்தான் ஏணி வைத்து இறக்கியது. செய்தியிலேயே இருந்தது.

‘பேர்போன’ என்று மாற்றலாமா?

பெயர் நாலு ஊருக்குப் போயிருந்தால் மாற்றலாம். இது வீட்டை விட்டுத்தான் போயிருக்கிறது.

‘பிரபல’வை அடித்தாள். பக்கத்தை எடுத்துக்கொண்டு செய்தி ஆசிரியர் ஸ்டீபனிடம் போனாள்.

“இத ஏம்மா அடிச்சீங்க?”

“இதுதான் மொத தடவ சார்.”

“ஸ்டேஷன்ல குடுத்ததே அப்படித்தான். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்க அண்ணன் சார்.”

ஸ்டீபன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“செய்தியவே தூக்கிருவோம். ஒரு விளம்பரம் கெடக்கு, போட்டுக்கிடலாம்.”

“வேண்டாம் சார். திருடினது நெசம்தான.”

அடித்தது அப்படியே இருக்கட்டும் என்று அவர் தலையை அசைத்தார்.

பக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு இடத்துக்கு வந்தாள். மணி பதினொன்று ஐம்பது. மீதிச் செய்தியையும் பார்த்தாக வேண்டும்.

தெற்குத் தெரு இசக்கிமுது மகன்.

ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது.

அப்பாவின் பெயர் இதுவரை எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. இறந்தபோதுகூட.

பேனாவின் மூடியைக் கழற்றினாள். ‘மு’வுக்கும் ‘து’வுக்கும் நடுவில் ஒரு ‘த’ எழுதி, அதன் தலையில் புள்ளியை அழுத்தி வைத்தாள்.